தசை பலவீனத்துக்கு விற்கும் லேப் பேக்கேஜ்கள்: எது தேறும், எது தேறாது

மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டியிருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் முழங்காலில் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. ரத்தத்தில் கசியும் தசை என்சைமான சிபிகே 6,800 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இந்தக் காகிதத்தோடு லேப் கவுன்டரில் போய் நின்றால் இரண்டு பேக்கேஜ்களை எடுத்து வைப்பார்கள். ஒன்று ‘மயோசைட்டிஸ் புரொஃபைல்’. நம் எதிர்ப்புச் சக்தியே நம் தசையைத் தாக்குகிறதா என்று பார்ப்பது. இன்னொன்று ‘நியூரோமஸ்குலர் ஜீன் பேனல்’. பிறவியிலேயே மரபணுவில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது. முதலாவது சில ஆயிரத்தில் முடிந்துவிடும், இரண்டாவது அதைப் போலப் பல மடங்கு. சேர்த்து எடுத்தால் தள்ளுபடி உண்டு என்பார்கள்.

இந்த இரண்டையும், இவற்றைச் சுற்றியிருக்கும் சிபிகே, மரபணுத் துண்டுகளை எண்ணும் எம்எல்பிஏ, தசையில் சின்னத் துண்டு வெட்டிப் பார்க்கும் பயாப்ஸி ஆகியவற்றையும் இங்கே எடை போட்டுப் பார்க்கலாம். லேப் பெயர்கள் இல்லை. ஒரே மாதிரியான கிட்டும் மெஷினும்தான் பல இடங்களில் ஓடுகின்றன. ரத்தத்தை எப்படி எடுத்து அனுப்புகிறார்கள், ரிப்போர்ட்டை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் லேபுக்கு லேப் வித்தியாசம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 45 வயதுக்காரருக்கு இரண்டே மாதத்தில் வந்த பலவீனம் என்றால் ஆன்டிபாடி பேனலுக்கு, அதாவது ‘மயோசைட்டிஸ் புரொஃபைலுக்கு’, தயங்காமல் காசு கொடுக்கலாம். கெண்டைக்கால் பருத்து, அடிக்கடி விழுகிற ஐந்து வயதுப் பையனுக்கு அதே பேனல் தண்டம். அவனுக்கு வேண்டியது டிஸ்ட்ரோஃபின் என்ற மரபணுவுக்கான எம்எல்பிஏ. தலைவலி பிடித்த கூட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள். 15 முதல் 40 வயது, சிபிகே ஆயிரக்கணக்கில், எப்போது ஆரம்பித்தது என்று உறுதியாகச் சொல்லத் தெரியாதவர்கள். இவர்களுக்கு இரண்டுமே தேவைப்படலாம். ஆனால் ஆன்டிபாடி முதலில், ஜீன் பிறகு. எதிர்ப்புச் சக்திக் கோளாறுக்கு மருந்து இருக்கிறது, தாமதமானால் தசை கொழுப்பாக மாறிவிடும், பிறகு மருந்து கொடுத்தும் அது திரும்பாது. ஜீன் ரிப்போர்ட் ஒரு மாதம் தள்ளி வந்தால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

சிபிகே

கொடுத்த காசுக்கு இந்த வரிசையிலேயே அதிகம் பேசுவது சில நூறு ரூபாய் சிபிகேதான். தசை செல்லின் தோல் கிழிந்தால் உள்ளே இருக்கும் இந்த என்சைம் ரத்தத்தில் கசியும். சாதாரண அளவு சுமார் 200 யூனிட் வரை, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். டிஸ்ட்ரோஃபின் மரபணுப் பிழையால் வரும் டுஷென் தசைச்சிதைவு இருக்கும் சிறுவனுக்கு 10,000-க்கு மேல் இருப்பது சகஜம்.

ஏமாறும் இடங்களும் உண்டு. ஜிம்மில் புதிதாகச் சேர்ந்து கால் பயிற்சி செய்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து ரத்தம் கொடுத்தால் ஆரோக்கியமான ஆளுக்கே ஆயிரங்களில் வரும். இடுப்பில் போட்ட ஊசி, வலிப்பு, கீழே விழுந்த அடி எல்லாமே ஏற்றிவிடும். ஒரு வாரம் கனமான வேலை எதுவும் செய்யாமல் மறுபடி எடுத்துப் பார்க்காமல் அடுத்த பேக்கேஜுக்குப் போகக்கூடாது. கூடவே தைராய்டுக்கான டிஎஸ்எச் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தாலும் சிபிகே ஏறும், பலவீனமும் வரும், மாத்திரையில் சரியாகும்.

இதைவிடப் பெரிய விபத்து கல்லீரல் பக்கம் நடக்கிறது. கல்லீரல் என்சைம்கள் என்று பார்க்கப்படும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் தசையிலும் இருக்கின்றன. காய்ச்சலுக்காக எடுத்த ரத்தத்தில் இவை 200, 300 என்று வந்தவுடன் குழந்தையைக் கல்லீரல் நோயாளியாக்கி, டானிக், ஸ்கேன், சில இடங்களில் கல்லீரல் பயாப்ஸி வரைக்கும் போய்விடுகிறார்கள். டுஷென் பையன்களுக்கு வருடங்கள் வீணாகும் சந்து இது. ஜிஜிடி என்ற இன்னொரு கல்லீரல் என்சைம் தசையிலிருந்து ஏறாது. அது சாதாரணமாக இருந்து மற்ற இரண்டு மட்டும் ஏறியிருந்தால் உடனே சிபிகே பார்க்கச் சொல்லுங்கள்.

சிபிகே சாதாரணம் என்றால் தசை நோயே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. தோலையும் சேர்த்துத் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸில் சாதாரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையாலேயே வரும் தசை பலவீனத்தில் ஏறவே ஏறாது.

ஆன்டிபாடி பட்டை

‘மயோசைட்டிஸ் புரொஃபைல்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் லைன் பிளாட் என்ற பட்டை. மெல்லிய ஒரு துண்டு. அதன் மேல் குறுக்குக் கோடுகளாக வெவ்வேறு புரதங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, ஏறக்குறைய நூறு மடங்கு நீர்த்து, ஒரு தட்டின் பள்ளத்தில் ஊற்றிப் பட்டையை ஊறப் போடுவார்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் தனக்குரிய கோட்டைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். கழுவி, என்சைம் ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடியை ஊற்றி, சாயம் விட்டால் அந்தக் கோடு கருநீலமாகத் தெரியும். பட்டையின் ஓரத்தில் ஒரு கன்ட்ரோல் கோடு உண்டு. அது கருக்கவில்லை என்றால் பரிசோதனை செல்லாது.

பரவலாகப் பயன்படும் 16 ஆன்டிஜன் பட்டையில் இருப்பவை: எம்ஐ-2 ஆல்ஃபா, பீட்டா, டிஐஎஃப்1 காமா, எம்டிஏ5, என்எக்ஸ்பி2, எஸ்ஏஇ1, கேயு, பிஎம்-எஸ்சிஎல் 100, 75, ஜோ-1, எஸ்ஆர்பி, பிஎல்-7, பிஎல்-12, இஜே, ஓஜே, ரோ-52. ஒவ்வொன்றும் ஒரு தனி நோயின் முகவரி மாதிரி. ஜோ-1, பிஎல்-7, பிஎல்-12 வந்தால் நுரையீரலுக்கு ஸ்கேன் எடுக்காமல் விடக்கூடாது, தசையைவிட நுரையீரல் மோசமாக இருக்கலாம். எம்டிஏ5 வந்தால் அது அவசரம். சிபிகே சாதாரணமாக இருக்கும்போதே வாரக்கணக்கில் நுரையீரல் கெட்டுப்போகக்கூடிய வகை. டிஐஎஃப்1 காமாவும் என்எக்ஸ்பி2-வும் பெரியவர்களுக்கு வந்தால் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும், குழந்தைகளுக்கு அந்தக் கவலை இல்லை.

இந்தப் பட்டையின் முதல் குறை, மங்கலான கோடுகள். ரிப்போர்ட்டில் ‘எஸ்ஆர்பி பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்தில் இருக்கும். ஆனால் கோட்டின் அடர்த்தி ஒற்றை + தான். மங்கலாக ஒரு எஸ்ஆர்பியோ பிஎல்-7-ஓ தோன்றுவது தசை நோயே இல்லாதவர்களிடமும் நடக்கிறது. மூன்று நான்கு கோடுகள் ஒரே சமயத்தில் மங்கலாக வந்தால் இன்னும் சந்தேகப்படலாம், ஏனென்றால் இந்த ஆன்டிபாடிகள் ஒருவரிடம் பொதுவாக ஒன்றுதான் இருக்கும். ரோ-52 மட்டும் விதிவிலக்கு, அது ஜோ-1 கும்பலோடு சேர்ந்தே வரும். ஆகவே ‘பாசிட்டிவ், நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதும் லேப் வேண்டாம். ஒவ்வொரு கோட்டுக்கும் +, ++, +++ என்று அடர்த்தி போட்டுத் தரும் லேபைத் தேர்ந்தெடுங்கள். அது கூடச் செய்யாத இடத்தில் பணம் கட்டுவதற்கு அர்த்தமில்லை.

குறுக்கே சரிபார்க்க மலிவான வழி ஒன்றும் உண்டு. செல்லின் பாகங்களைத் தாக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் ஏஎன்ஏ பரிசோதனையை எலிசா என்ற மெஷின் முறையில் இல்லாமல் ஸ்லைடில், இம்யூனோஃபுளோரசன்ஸ் முறையில் செய்யச் சொல்லி, செல்லின் நியூக்ளியஸ் மட்டுமல்லாமல் சைட்டோபிளாசத்தில் தெரியும் ஒளியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஜோ-1, பிஎல்-7, எஸ்ஆர்பி எல்லாம் சைட்டோபிளாசத்துக்காரர்கள். பல லேப்கள் நியூக்ளியஸ் இருட்டாக இருந்தால் ‘ஏஎன்ஏ நெகட்டிவ்’ என்று முடித்துவிடும், டாக்டரும் இம்யூன் நோய் இல்லை என்று கோப்பை மூடிவிடுவார். பட்டையில் பிஎல்-7 வந்து ஸ்லைடில் சைட்டோபிளாசமும் மினுங்கினால் நம்பலாம். பட்டை மட்டும் லேசாகச் சொல்லி ஸ்லைடு ஒன்றுமே காட்டவில்லை என்றால் வேறு முறையில் மறுபடி பார்க்காமல் சிகிச்சை தொடங்க வேண்டாம்.

இரண்டாவது குறைதான் பெரியது. எச்எம்ஜிசிஆர் என்ற ஆன்டிபாடி இந்த 16-இல் இல்லை. கொழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எந்த என்சைமை அடக்குகிறதோ, அதே என்சைமுக்கு எதிராக உடம்பு கிளம்பும் நோய் இது. ஸ்டாட்டினால் வரும் சாதாரண தசைவலி மாத்திரையை நிறுத்தியதும் சில வாரங்களில் அடங்கும். இது நிறுத்தினாலும் அடங்காது, சிபிகே ஆயிரங்களிலேயே நிற்கும், பலவீனம் கூடிக்கொண்டே போகும். ஸ்டாட்டின் பக்கமே போகாதவர்களுக்கும், குழந்தைகளுக்கும்கூட வருகிறது. பேனல் நெகட்டிவ் என்று நிம்மதியாகப் போனவர்களில் சிலருக்கு இருந்தது இதுதான். எலிசாவில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கவுன்டரில் ‘அதெல்லாம் பேனல்லயே வந்துரும் சார்’ என்றால் பேனலின் ஆன்டிஜன் பட்டியலைக் காட்டச் சொல்லி விரல் வைத்துத் தேடுங்கள்.

சிஎன்1ஏ என்ற ஆன்டிபாடியை இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸுக்கென்று விற்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு விரல் மடக்கும் பலமும் தொடையின் முன்பக்கமும் சேர்ந்து கரையும் நோய் இது. ஸ்டீராய்டுக்கு மசியாது. ஆனால் இந்த ஆன்டிபாடி லூபஸ், ஷோகிரன் போன்ற வேறு இம்யூன் நோய்கள் உள்ளவர்களிடமும் தென்படுகிறது. கையைப் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதற்குக் காசு கொடுக்க அவசரமில்லை.

எப்போது ரத்தம் கொடுப்பது என்பதும் முக்கியம். ஐவிஐஜி என்ற, பிறருடைய ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி மருந்தை ஏற்றிய பிறகு ரத்தம் கொடுத்தால் அந்தப் பாட்டிலில் இருக்கும் ஆயிரக்கணக்கான பேருடைய ஆன்டிபாடிகளும் சேர்ந்து பேசும். ஏற்றுவதற்கு முன்பே சீரத்தை எடுத்து ஃப்ரீஸரில் வைக்கச் சொல்லுங்கள், பரிசோதனையைப் பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம்.

நடுவில் மாட்டிக்கொள்பவர்கள்

22 வயது. கல்லூரியில் கபடி ஆடியவர். ஒரு வருடமாக நுனிக்காலில் நிற்க முடியவில்லை, பிறகு மாடி ஏறுவதும் கஷ்டம். சிபிகே 12,000. பயாப்ஸியில் அழற்சி செல்கள். எந்த டாக்டரும் பாலிமயோசைட்டிஸ், அதாவது இம்யூன் தசை நோய் என்று எழுதத் தூண்டும் படம் இது. ஸ்டீராய்டு ஆரம்பிப்பார்கள், ஆறு மாதத்தில் முகம் உப்பும், எலும்பு தேயும், பலம் வராது. இது டிஸ்ஃபெர்லின் என்ற புரதம் இல்லாமல் போகும் பரம்பரை நோயாக இருக்கலாம். கிழிந்த தசைத் தோலை ஒட்டுப்போடும் புரதம் அது. ஒட்டுப்போட ஆளில்லாத தசையில் குப்பை அள்ள அழற்சி செல்கள் கூடுகின்றன, மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்த்து இம்யூன் நோய் என்று ஏமாறுகிறோம். இந்த நோயில் ஸ்டீராய்டைச் சோதித்த ஆய்வில் பலன் தெரியவில்லை, பலம் குறையும் போக்குதான் தெரிந்தது. வெறும் ரத்தத்திலேயே, மோனோசைட் செல்களில் டிஸ்ஃபெர்லின் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. கிடைக்கிற இடத்தில் முதலில் அதைச் செய்வது நல்லது. முன்கூட்டிச் சந்தேகிக்க ஒரு துப்பு: கெண்டைக்கால் முதலில் பலம் இழப்பது. மயோசைட்டிஸ் இடுப்பையும் தோளையும்தான் முதலில் பிடிக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. எச்எம்ஜிசிஆர் நோயில் பயாப்ஸியில் தசை நார்கள் செத்துக் கிடக்கும், அழற்சி செல்கள் அதிகம் இருக்காது. பார்த்தால் பரம்பரைத் தசைச்சிதைவு மாதிரியே இருக்கும். பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால் சந்தேகமே இல்லை என்று ஜீன் பேனலுக்கு அனுப்பிவிடுவார்கள். பேனலில் ஒன்றும் வராது, ‘இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஜீன்’ என்று எழுதி, பிசியோதெரபிக்கு அனுப்பி, வருடங்கள் ஓடும். சொந்தத்தில் கல்யாணம் என்பது பரம்பரை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, இம்யூன் நோய் வராது என்பதற்கான உத்தரவாதம் இல்லை. ஜீன் பேனல் காலியாக வந்த எந்த லிம்ப்-கர்டில் (இடுப்பும் தோளும் பலவீனமாகும் வகை) நோயாளிக்கும், அடுத்த பெரிய ஜீன் பரிசோதனைக்கு முன்பு எச்எம்ஜிசிஆரும் எஸ்ஆர்பியும் பார்த்தே ஆக வேண்டும். எச்எம்ஜிசிஆர் நோய்க்கு ஐவிஐஜி நன்றாகவே வேலை செய்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போம், கேட்டால் இம்யூன், கேட்காவிட்டால் ஜீன்’ என்ற சோதனை உதவாத சோதனை. டுஷென் சுத்தமான மரபணு நோய், ஆனால் பிரெட்னிசலோன் தினமும் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் கொடுத்தால் பையன் பலமாவான். இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸில் அழற்சி கண்முன்னே தெரியும், ஸ்டீராய்டு கேட்காது.

டிஸ்ட்ரோஃபின் எம்எல்பிஏ

எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் டிஸ்ட்ரோஃபின் மனித மரபணுக்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. 79 எக்ஸான்கள் (புரதத்துக்கான வாசகம் இருக்கும் துண்டுகள்), 20 லட்சத்துக்கும் அதிகமான எழுத்துகள். டுஷென் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒன்றோ பலவோ எக்ஸான்கள் அப்படியே காணாமல் போயிருக்கும், சிலருக்கு இரட்டித்திருக்கும், மீதிப்பேருக்கு எழுத்துப் பிழை. எம்எல்பிஏ என்பது 79 எக்ஸான்களும் எத்தனை பிரதி இருக்கின்றன என்று எண்ணுவது. டுஷென், அதன் மென்மையான வகையான பெக்கர் ஆகியவற்றின் சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது.

இன்னும் சில இடங்களில் ‘டிஎம்டி டெஸ்ட்’ என்ற பெயரில் பழைய மல்டிபிளெக்ஸ் பிசிஆரை (டிஎன்ஏ துண்டுகளைப் பெருக்கிப் பார்க்கும் முறை) விற்கிறார்கள். பிழை அதிகம் நிகழும் எக்ஸான்களை மட்டும் பார்ப்பது. பையன்களின் விடுபடல்களைப் பெரும்பாலும் பிடித்துவிடும், ஆனால் இரட்டிப்பைப் பிடிக்காது, விடுபடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எப்போதும் சொல்லாது, அம்மாவைச் சோதிக்கவே உதவாது. விலை குறைவு என்று இதை எடுத்தால் எம்எல்பிஏவுக்கு மறுபடி கட்ட வேண்டிவரும்.

எல்லை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. மரபணு எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுகின்றன. 45-ஆம் எக்ஸானில் 176 எழுத்துகள். மூன்றால் வகுத்தால் மீதி வருகிறது. அது மட்டும் போனால் அதற்குப் பின் வரும் வாசகம் முழுக்கக் குழம்பி, புரதமே உருவாகாது: டுஷென். 45, 46, 47 மூன்றும் சேர்ந்து போனால் 176, 148, 150, மொத்தம் 474. மூன்றால் சரியாக வகுபடுகிறது. நடுவில் ஒரு துண்டு இல்லாத, ஆனால் வேலை செய்யும் குட்டைப் புரதம் வரும்: பெக்கர், மென்மையான வகை. அதிகம் இழந்தவருக்குக் குறைந்த நோய். பத்தில் ஒன்பது பேருக்கு இந்தக் கணக்கு பலிக்கிறது. 48 முதல் 50 வரை போனால் 397 எழுத்துகள், வகுபடாது. கூடவே 51-ஐயும் (233) தாண்டவைத்தால் 630, வகுபடும். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எட்டெப்லிர்சென் செய்வது இந்தக் கூட்டலைத்தான். ரிப்போர்ட்டில் எக்ஸான் எண்கள் இல்லாமல் ‘டிலீஷன் டிடெக்டட்’ என்று மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு எதையும் போட முடியாது. திருப்பி அனுப்பி எண்ணை எழுதி வாங்குங்கள்.

ஒரே ஒரு எக்ஸான் மட்டும் காணோம் என்று எம்எல்பிஏ சொன்னால் உடனே நம்ப வேண்டாம். எண்ணுவதற்காக எக்ஸானில் ஒட்டவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டான புரோப் ஒட்டும் இடத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அது ஒட்டாமல் போய், எக்ஸான் இல்லை என்று காட்டும். அந்த எக்ஸானைத் தனியாக பிசிஆர் செய்து உறுதிப்படுத்தியிருக்கிறார்களா என்று ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் பாருங்கள். எம்எல்பிஏ காலியாக வந்தால் கதை முடிந்ததென்று அர்த்தமில்லை, அடுத்தது எழுத்துப் பிழையைத் தேடும் சீக்வென்சிங்.

ஜீன் பேனலும் எக்ஸோமும்

லிம்ப்-கர்டில் வகைகளுக்கு இதுதான் வழி. சந்தேகத்துக்குரிய ஜீன்கள் டஜன் கணக்கில், ஒவ்வொன்றாகத் தேடினால் ஆயுள் போதாது. குறிப்பிட்ட ஜீன்களை மட்டும் பார்க்கும் பேனலா, எல்லா ஜீன்களின் எக்ஸான்களையும் படிக்கும் முழு எக்ஸோமா என்றால், விலை வித்தியாசம் சிறிதாக இருக்கும்போது எக்ஸோம். இன்று காலியாக வந்தாலும் ஓரிரு வருடம் கழித்து அதே தரவை மறுபடி அலசச் சொல்லலாம். அதற்காகவே மூலத் தரவுக் கோப்பைத் தரும் லேபாகப் பார்த்துக் கட்டுங்கள், பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

விளம்பரத்தில் ‘அனைத்துத் தசை நோய்களும்’ என்று போட்டிருந்தாலும் சில நோய்கள் எக்ஸோமின் கண்ணில் படவே படாது. மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி முதல் வகை, பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் பரம்பரைத் தசை நோய்களில் ஒன்று. டிஎம்பிகே ஜீனில் சிடிஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 5 முதல் 34 தடவை வரை சாதாரணம், 50-க்கு மேல் நோய், சிலருக்கு ஆயிரத்தைத் தாண்டும். சிறு சிறு துண்டுகளாகப் படிக்கும் எக்ஸோம் மெஷினால் இந்த நீளத்தை எண்ண முடியாது, ‘நார்மல்’ என்று தந்துவிடும். இதற்கென்று தனி ரிபீட் பிசிஆர் உண்டு. எப்போது கேட்க வேண்டும் என்பதற்கு மெஷின் வேண்டாம்: கையை இறுக மூடச் சொல்லி, சட்டென்று திறக்கச் சொல்லுங்கள். விரல்கள் பசை ஒட்டியது போல மெல்லப் பிரிந்தால், கூடவே சின்ன வயதிலேயே கண்புரை, முன்தலை வழுக்கை என்றால், எக்ஸோமுக்குக் கட்டும் காசை மிச்சம் பிடிக்கலாம். இவர்களுக்கு ஈசிஜியும் அவசியம், இதயத் துடிப்பின் மின்கடத்தல் தடைபடலாம்.

முகத்திலும் தோள்பட்டையிலும் தொடங்கும் எஃப்எஸ்எச்டியும் அப்படித்தான். நான்காம் குரோமோசோமின் நுனியில் டி4இசட்4 என்ற துண்டு பத்து அல்லது அதற்கும் கீழே சுருங்கும் நோய். இதற்கு சதர்ன் பிளாட்டோ ஆப்டிகல் மேப்பிங்கோ என்ற தனிப் பரிசோதனை வேண்டும். விசிலடிக்க முடியாதவர், தூங்கும்போது கண் முழுசாக மூடாதவர், தோள் எலும்பு சிறகு மாதிரித் துருத்துபவர் என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். மைட்டோகாண்ட்ரியா கோளாறுகளில் சில, ரத்தத்தில் தெரியாது, தசைத் துண்டில்தான் தெரியும்.

ஒரு என்சைம் குறைவதால் தசை பலவீனமாகும் பாம்பே நோயை ஜீன் பேனலில் தேடுவதைவிட, உலர்ந்த ரத்தப் பொட்டில் என்சைம் பார்ப்பது மலிவு, வேகம். இன்னும் நடக்க முடிகிறபோதே, படுத்தால் மூச்சு திணறுகிற லிம்ப்-கர்டில் நோயாளி என்றால் முதலில் இதுதான், ஏனென்றால் இதற்கு என்சைம் மருந்து இருக்கிறது.

இனி ரிப்போர்ட்டைப் படிப்பது. ‘வேரியன்ட் ஆஃப் அன்சர்டன் சிக்னிஃபிகன்ஸ்’, சுருக்கமாக வியுஎஸ். நோய் தருமா தராதா என்று தெரியாத மாற்றம். இதை வைத்து நோய்ப் பெயர் சூட்டக் கூடாது, கல்யாணத்தை நிறுத்தக் கூடாது, கர்ப்பத்தைக் கலைக்கவே கூடாது. டைட்டின் என்ற ஜீனில் 360-க்கு மேல் எக்ஸான்கள், யாரைச் சோதித்தாலும் ஏதாவது ஒரு வியுஎஸ் மாட்டும். அதை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடும் லேப் தன் வேலையை உங்கள் தலையில் கட்டுகிறது என்று அர்த்தம்.

பெரும்பாலான லிம்ப்-கர்டில் வகைகள் ஒடுங்கு நிலை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிழை வேண்டும். ரிப்போர்ட்டில் ஒரே ஜீனில் இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் வந்தால், இரண்டும் ஒரே பிரதியில் உட்கார்ந்திருக்கவும் கூடும். அப்படியிருந்தால் மற்றப் பிரதி நன்றாக இருக்கிறது, இது நோய்க்குக் காரணம் இல்லை. அப்பா அம்மா இருவரின் ரத்தத்தையும் பார்த்தால்தான் தெரியும். இந்தப் பெற்றோர் பரிசோதனை பேக்கேஜில் அடக்கமா, தனிக் கட்டணமா என்று முதலிலேயே கேட்க வேண்டும்.

நம் ஊர்க் குடும்பங்களில் வேறு மாதிரி வரும். தாய்மாமனைக் கட்டிய பெண்ணின் குழந்தைக்கு, ஒரே மூதாதையரிடமிருந்து வந்த ஒரே பிரதி இரண்டு பக்கமும் அமைய எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. ஆகவே ஒரே பிழை இரண்டு பிரதியிலும், ‘ஹோமோசைகஸ்’ என்று வரும். படிப்பதற்கு இது எளிது, ஆனாலும் பெற்றோரைப் பார்க்காமல் விடக்கூடாது: ஒரு பிரதியில் அந்த எக்ஸானே இல்லாமல் போயிருந்தாலும் மெஷினுக்கு ஹோமோசைகஸ் மாதிரிதான் தெரியும். உறவு முறையைச் சோதனைப் படிவத்தில் சரியாக எழுதிக் கொடுங்கள். கூச்சப்பட்டு ‘உறவில்லை’ என்று டிக் அடித்தால் அலசுபவர் தவறான இடத்தில் தேடுவார்.

இந்தியாவுக்கென்றே சில பிழைகள் உண்டு. அகர்வால் சமூகத்தில் கால்பெய்ன்-3 ஜீனின் இரண்டு குறிப்பிட்ட பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதம் தொங்கி, தொடையின் முன்பக்கம் மட்டும் ஆச்சரியமாகப் பலமாகவே இருக்கும் ஜிஎன்இ நோயில், இந்திய நோயாளிகளிடம் ஒரு குறிப்பிட்ட பிழை அடிக்கடி தென்படுகிறது. இதை அறிந்த லேப், வெளிநாட்டுத் தரவை மட்டும் பார்த்து வியுஎஸ் என்று ஒதுக்காது.

டியூப் விஷயம்: டிஎன்ஏவுக்கு ஊதா மூடி இடிடிஏ டியூபில் 3 முதல் 5 மில்லி. பச்சை மூடி ஹெப்பாரின் டியூபில் எடுத்தால் பிசிஆர் மக்கர் செய்யும். உறையவைக்க வேண்டாம்.

பயாப்ஸி

நல்ல இடத்தில் செய்தால் எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும், மோசமான இடத்தில் செய்தால் தையல் தழும்பு மட்டும் மிச்சம். கெடுவது பெரும்பாலும் அறுவை மேஜைக்கும் லேபுக்கும் நடுவில். துண்டை ஃபார்மலினில் போட்டுவிட்டால் என்சைம் சாயங்கள் எதுவும் ஏறாது. உப்புநீரில் மூழ்கவிட்டால் பனிப்படிகம் உருவாகி, நார்கள் சல்லடையாகத் தெரியும். உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, ஐஸ் மேல் வைத்து, அன்றே லேபில் திரவ நைட்ரஜனில் குளிரூட்டிய ஐசோபென்டேனில் உறையவைக்க வேண்டும். செய்யும் ஆஸ்பத்திரியில் ‘இங்கேயே உறையவைப்பீர்களா, வெளியூருக்கு கூரியரா’ என்ற ஒரு கேள்வி போதும். கூரியர் என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

எந்தத் தசை என்பதும் கேட்க வேண்டியது. முழுக்கக் கரைந்த தசையில் கொழுப்புதான் கிடைக்கும், நல்ல தசையில் ஒன்றும் தெரியாது, மிதமாகப் பலவீனமான தசைதான் சரி. தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈஎம்ஜி ஊசி குத்திய தசையில் எடுத்தால் ஊசிக் காயமே அழற்சியாகத் தெரியும். ஈஎம்ஜியை ஒரு பக்கத்துக் காலிலும் பயாப்ஸியை மறுபக்கத்திலும் செய்வதே வழக்கம். தொடை எம்ஆர்ஐ முதலில் எடுத்தால் எங்கே வெட்டுவது என்று தெரியும், டி1 படம் கொழுப்பையும் ஸ்டிர் படம் வீக்கத்தையும் காட்டும். வீக்கம் பரம்பரை நோயிலும் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எம்எல்பிஏ பாசிட்டிவ் வந்த பையனுக்குப் பயாப்ஸி தேவையே இல்லை.

அம்மாவின் பரிசோதனை

பையனுக்கு டுஷென் என்று தெரிந்த பிறகு அம்மாவுக்கு சிபிகே மட்டும் பார்த்து ‘நார்மல், நீங்கள் கேரியர் (பிழையைச் சுமப்பவர்) இல்லை’ என்று அனுப்பும் பழக்கம் தப்பு. கேரியர் பெண்களில் பலருக்கு சிபிகே சாதாரணமாகவே இருக்கும். பையனுக்கு எந்தப் பிழையோ அதே பிழையை அம்மாவின் டிஎன்ஏவில் தேட வேண்டும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அம்மாக்களிடம் அது இருக்காது, பிழை புதிதாக வந்திருக்கும். அப்போதும் அடுத்த கர்ப்பத்தில் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது, ரத்தத்தில் இல்லாத பிழை கருமுட்டைகளில் மட்டும் ஒளிந்திருக்கலாம். கேரியர் என்று உறுதியான பெண்ணுக்கு இதய எக்கோவும் எடுக்க வேண்டும்.

கருவில் பார்ப்பதற்கு நஞ்சுக்கொடித் திசுவை 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கிறார்கள். எந்தப் பிழையைத் தேடுவது என்று அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். எக்ஸோம் ரிப்போர்ட் வர நான்கு முதல் ஆறு வாரம், பெற்றோர் சரிபார்ப்புக்கு மேலும் சில வாரம். கர்ப்பம் உறுதியான பிறகு ஆரம்பித்தால் நாட்கள் போதாது. மூத்த பையனின் டிஎன்ஏவையாவது முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு டியூப் ரத்தம் போதும், பிரித்தெடுத்த டிஎன்ஏ ஃப்ரீஸரில் வருடக்கணக்கில் கெடாது.